பொருள் தெரிந்து ஆடுங்கள்!

2008-ம் ஆண்டு. இங்கிலாந்தில் 24 பேர் தூக்கு மேடைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? கொலையா? இல்லை. கொள்ளையா? அதுவும் இல்லை.

“உங்களை யாரும் கூப்பிடுவது இல்லை. அதனால் உங்களுக்கு இங்கே இடம் இல்லை.” இதுதான் அவர்கள் மேல் சாட்டப்பட்ட குற்றம்.

அவர்கள் மனிதர்கள் அல்ல. சொற்கள்! இங்கிலீஷ் சொற்கள்!

இங்கிலாந்தில் “காலின்ஸ்” என்று ஒரு பெரிய அகராதி இருக்கிறது. ஆண்டுதோறும் புதுச் சொற்கள் பிறக்கின்றன. அவற்றை அகராதியில் சேர்க்க வேண்டும். ஆனால், புத்தகத்தின் பருமன் ஓர் அளவுக்கு மேல் போகக்கூடாது. புதியவர் உள்ளே வந்தால், பழையவர் வெளியே போகத்தானே வேண்டும்?

பேச்சிலும் எழுத்திலும் யாருமே பயன்படுத்தாத 24 சொற்களை, அகராதிக்காரர்கள் பொறுக்கி எடுத்தார்கள். “இவை போகலாம்” என்றார்கள்.

உடனே கிளம்பியது எதிர்ப்பு!

லண்டனில் வெளியாகும் “டைம்ஸ்” பத்திரிகை, இந்தச் சொற்களுக்காக வாதாடியது. ஒரு சொல்லை மக்கள் மறுபடியும் பயன்படுத்தினால், அது பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது. பெரிய மனிதர்கள் ஆளுக்கு ஒரு சொல்லைத் தத்து எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டீபன் ஃப்ரை என்ற நடிகர், “ஃபப்ஸி” என்ற சொல்லைத் தத்து எடுத்தார். குட்டையாக, கொழுகொழு என்று இருப்பவரைக் குறிக்கும் சொல் அது.

அப்போது அரசவைக் கவிஞராக இருந்த ஆண்ட்ரூ மோஷன், “ஸ்கர்” என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பறவைகள் பறக்கும்போது சிறகுகள் எழுப்பும் ஓசைக்கு அந்தப் பெயர்.

அநாதைக் குழந்தையைத் தத்து எடுப்பவர்கள் உண்டு. அநாதைச் சொல்லைத் தத்து எடுத்தவர்கள் இவர்கள்!

அந்த 24 சொற்களில் இன்னும் சிலவற்றைப் பாருங்கள்.

“மாலிசன்” என்றால் சாபம்.

“பெரியாப்ட்” என்றால் தாயத்து.

“ஓலிட்” என்றால் நாற்றம் அடிக்கிற.

“நிட்டிட்” என்றால் பளபளக்கிற.

“விலிபெண்ட்” என்றால் இகழ்ந்து பேசு.

சாபம் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. தாயத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. நாற்றத்துக்கும் உலகில் பஞ்சம் இல்லை! பொருள்கள் அப்படியே இருக்கின்றன. பெயர்கள்தான் செத்துக்கொண்டு இருக்கின்றன.

அடைக்கலம் கொடுத்த ஆட்டம்

இப்படிப்பட்ட சொற்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு.

அது பள்ளிக்கூடம் அல்ல. பல்கலைக்கழகமும் அல்ல. ஓர் ஆட்டப் பலகை!

“ஸ்கிராபிள்” என்ற சொல்லாட்டத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் வீட்டில் ஆடியும் இருப்பீர்கள். இப்போது கைபேசியிலும் ஆடுகிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பலகையில் குறுக்கே 15 கட்டம், நெடுக்கே 15 கட்டம். மொத்தம் 225 கட்டங்கள். 100 சில்லுகள். அவற்றில் 98 சில்லுகளில் இங்கிலீஷ் எழுத்துகள் இருக்கும். 2 சில்லுகள் வெறுமையாக இருக்கும். வெறுஞ்சில்லை எந்த எழுத்தாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொருவரும் கண்ணால் பார்க்காமல் 7 சில்லுகளை எடுக்க வேண்டும். அவற்றைக் கொண்டு பலகையில் சொல் அமைக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் மதிப்பெண் உண்டு. எளிதில் கிடைக்கும் எழுத்துக்கு 1 மதிப்பெண். “க்யூ”, “இசட்” போன்ற அபூர்வ எழுத்துக்கு 10 மதிப்பெண். 7 சில்லுகளையும் ஒரே தடவையில் வைத்துவிட்டால், 50 மதிப்பெண் இனாம்!

வேலை போனவர் கண்ட விளையாட்டு

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் ஆல்பிரட் பட்ஸ். அமெரிக்காவில், நியூயார்க் நகரில் இருந்தார். கட்டிடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில்.

1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி. கட்டிடம் கட்டுவோர் இல்லை. பட்சுக்கு வேலை போயிற்று.

வேலை இல்லையே என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. “மக்கள் விரும்பும் ஓர் ஆட்டத்தை உண்டாக்கினால் என்ன?” என்று யோசித்தார்.

பத்திரிகையை எடுத்தார். எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார்! அதிகம் வரும் எழுத்துக்கு அதிகச் சில்லு, குறைந்த மதிப்பெண். குறைவாக வரும் எழுத்துக்குக் குறைந்த சில்லு, அதிக மதிப்பெண். இப்படிக் கணக்குப் போட்டார்.

“ஈ” என்ற எழுத்துக்கு 12 சில்லுகள். “க்யூ”வுக்கு ஒன்றே ஒன்று! அவர் அன்று போட்ட கணக்குதான் இன்றும் நடக்கிறது.

ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். “வேண்டாம்” என்று எல்லோரும் கை விரித்துவிட்டார்கள்.

1948-ல் ஜேம்ஸ் புருனோ என்ற நண்பர் அந்த ஆட்டத்தை ஏற்றுக்கொண்டார். “ஸ்கிராபிள்” என்று பெயர் சூட்டினார். முதலில் நஷ்டம். பிறகு, 1950-களில் விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. லட்சக் கணக்கான வீடுகளுக்குள் அந்தப் பலகை நுழைந்துவிட்டது.

பழைய சொற்கள் நுழைந்த கதை

ஆட்டம் என்றால் சண்டை வரும். “இப்படி ஒரு சொல்லே கிடையாது” என்பார் ஒருவர். “உண்டு” என்பார் மற்றவர். யார் தீர்ப்புச் சொல்வது?

இங்கிலாந்தில் பல ஆண்டுகள் “சேம்பர்ஸ்” என்ற அகராதிதான் நீதிபதி. அந்த அகராதிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பழைய சொற்களை அது தூக்கி எறிவது இல்லை. ஷேக்ஸ்பியர், மில்ட்டன், ஸ்பென்சர் ஆகியோர் கையாண்ட சொற்களைப் பத்திரமாக வைத்திருக்கும். ஸ்காட்லாந்து நாட்டுப்புறச் சொற்களையும் வைத்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை! ஸ்பென்சர், 16-ம் நூற்றாண்டுக் கவிஞர். அவர் தன் காலத்திலேயே மறைந்துபோன சொற்களைத் தேடிப் பிடித்து எழுதியவர். 400 ஆண்டுகளுக்கு முன்பே கிழடு தட்டிய சொற்கள், ஸ்பென்சர் கையைப் பிடித்து அகராதிக்குள் வந்தன. அகராதியின் கையைப் பிடித்து ஆட்டப் பலகைக்கு வந்துவிட்டன!

பின்னர் சேம்பர்ஸ் இருந்த இடத்துக்கு, காலின்ஸ் வந்தது. ஆனால், வந்த சொற்கள் போகவில்லை. காலின்ஸ் தூக்கு மேடைக்கு அனுப்பிய “ஃபப்ஸி”யையும், “ஸ்கர்”ரையும் ஆட்டத்தில் இன்றும் வைக்கலாம். “ஃபப்ஸி”க்கு 13 மதிப்பெண்!

ஆட்டத்துக்கு என்று காலின்ஸ் வெளியிடும் பட்டியலில், இன்று 2 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. படித்த இங்கிலீஷ்காரருக்குக்கூட அவற்றில் பெரும்பாலானவை தெரியா.

ஆட்டக்காரர்களின் ஆயுதங்கள்

ஆட்டத்துக்கு உதவும் சில அபூர்வ சொற்களை இங்கே தருகிறோம். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்ஸ் (இசட், ஏ, எக்ஸ்): இது ஒரு கருவி. கூரைக்குப் போடும் கல் தகடுகளை வெட்டவும், ஆணிக்குத் துளை போடவும் பயன்படும். மூன்றே எழுத்து. 19 மதிப்பெண்!

கூம் (சி, டபிள்யூ, எம்): உயிரெழுத்தே இல்லாத சொல். கையில் உயிரெழுத்து இல்லாமல் விழிப்பவருக்குத் தெய்வம் போல் வந்து உதவும். இது வேல்ஸ் நாட்டுச் சொல். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு என்று பொருள். எவரெஸ்ட் சிகரத்துக்கு ஏறும் வழியில் “மேற்குக் கூம்” என்று ஓர் இடம் உண்டு. 1921-ல் ஜார்ஜ் மல்லோரி அந்தப் பெயரை வைத்தார். 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் அந்த வழியாகத்தான் ஏறினார்கள்.

க்ரூத் (சி, ஆர், டபிள்யூ, டி, எச்): இதிலும் உயிரெழுத்து இல்லை. வேல்ஸ் நாட்டில் வில் கொண்டு வாசித்த பழைய நரம்புக் கருவி.

ஆக்ஸ்டர் (ஓ, எக்ஸ், டி, ஈ, ஆர்): ஸ்காட்லாந்துச் சொல். அக்குள் என்று பொருள்.

சீ (க்யூ, ஐ): சீனச் சொல். உடம்பில் ஓடும் உயிர்ச் சக்தி என்று பொருள். “க்யூ” வந்தால் “யு” வேண்டுமே என்று கலங்க வேண்டாம். இரண்டே எழுத்தில் 11 மதிப்பெண்.

இனி, பழைய பன்மைச் சொற்கள். இன்று இங்கிலீஷில் பன்மைக்கு “எஸ்” சேர்க்கிறார்கள். பழைய காலத்தில் பல சொற்களுக்கு “என்” சேர்த்தார்கள். கண்களுக்கு “ஐன்” (ஈ, ஒய், என், ஈ). காலணிகளுக்கு “ஷூன்” (எஸ், எச், ஓ, ஓ, என்). பசுக்களுக்கு “கைன்” (கே, ஐ, என், ஈ).

பட்ஸ் போட்ட கணக்கில் “எஸ்” சில்லு நாலுதான். “எஸ்” அதிகம் இருந்தால், எல்லோரும் பன்மை போட்டே ஜெயித்துவிடுவார்கள் அல்லவா? கையில் “எஸ்” இல்லாதபோது, இந்தப் பாட்டன் காலத்துப் பன்மைகள் கை கொடுக்கும்.

சொல்லுக்குள் ஒரு வாழ்க்கை

இவை வெறும் மதிப்பெண் மட்டும்தானா? இல்லை. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

“சென்னைட்” என்று ஒரு சொல். நம் சென்னைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! “ஏழு இரவு” என்பது அதன் பொருள். அதாவது, ஒரு வாரம்.

வாரத்தைப் பகலால் எண்ணாமல், இரவால் ஏன் எண்ணினார்கள்? இங்கிலீஷ்காரரின் முன்னோர் ஜெர்மானிய இனத்தவர். அவர்கள் நாளை இரவைக் கொண்டுதான் எண்ணினார்கள். கி.பி. 98-ல் டாசிடஸ் என்ற ரோம நாட்டு ஆசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

200 ஆண்டுகளுக்கு முன்புகூட, நாவல் ஆசிரியை ஜேன் ஆஸ்டின் இந்தச் சொல்லை எழுதினார். இன்று அது வழக்கில் இல்லை. ஆனால் அதன் அண்ணன் பிழைத்துக்கொண்டான். “ஃபோர்ட்நைட்” என்றால் இரண்டு வாரம். “பதினாலு இரவு” என்பதுதான் அதுவும். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில், ஒன்று வாழ்ந்தது. ஒன்று மறைந்தது.

இன்னொன்று. நாம் “நாளை மறுநாள்” என்கிறோம். இங்கிலீஷில் இதைச் சொல்ல நாலு வார்த்தை வேண்டும். “நாளைக்கு அப்புறம் வரும் நாள்” என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

முன்பு அதற்கு ஒரே சொல் இருந்தது. “ஓவர்மாரோ” என்பது அந்தச் சொல். 1535-ல் மைல்ஸ் கவர்டேல் வெளியிட்ட இங்கிலீஷ் பைபிளில் அது இருக்கிறது. பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஜெர்மன்காரர்கள் தங்கள் மொழியில் அதே போன்ற சொல்லை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சொல்லைத் தொலைத்தவர்கள், அதற்கு ஈடாக நாலு சொல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்!

சில சொற்கள் செத்தும் சாகவில்லை. வேறு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு இருக்கின்றன. “காப்வெப்” என்றால் சிலந்தி வலை. “வெப்” என்பது வலை. “காப்” என்பது என்ன? சிலந்திக்கு இருந்த பழைய பெயர்! பட்டப் பெயரை “நிக்நேம்” என்கிறார்கள். அது முதலில் “ஈக்நேம்” என்று இருந்தது. “ஈக்” என்றால் கூடுதல். கூடுதல் பெயர்தானே பட்டப் பெயர்? பேச்சு வழக்கில் முன் சொல்லின் “ன்” வந்து ஒட்டிக்கொண்டது. “நிக்நேம்” ஆகிவிட்டது.

பட்டியலில் தமிழ்ச் சொல்

இந்தப் பலகையில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

“அனிகட்” என்று ஒரு சொல். ஏ, என், ஐ, சி, யு, டி. இதுவும் பட்டியலில் இருக்கிறது. 8 மதிப்பெண்.

இதன் பொருளை லண்டனில் கேட்டால், தலையைச் சொறிவார்கள். திருச்சியில் கேட்டால், சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அணைக்கட்டு! கல்லணையை வெள்ளைக்காரர் “கிராண்ட் அனிகட்” என்றார்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கினார். அதுவும் “அனிகட்” ஆயிற்று. பொறியாளர்கள் எழுதி எழுதி, இங்கிலீஷ் அகராதியில் ஏறிவிட்டது.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவையும் இப்படிக் கப்பல் ஏறிப் போனவைதான். கட்டுமரத்தை அங்கே எல்லோருக்கும் தெரியும். அணைக்கட்டைத் தெரியாது.

பொருள் தெரியாமல் “அனிகட்” என்று வைப்பவருக்குக் கிடைப்பது 8 மதிப்பெண். தெரிந்து வைப்பவருக்குக் கிடைப்பது காவிரி!

தவறுதலாகப் பிறந்தவை

அகராதியில் இருப்பது எல்லாம் உண்மையான சொல்தானா? அதிலும் ஒரு வேடிக்கை உண்டு.

1934-ல் அமெரிக்காவில் “வெப்ஸ்டர்” அகராதியின் பெரிய பதிப்பு வந்தது. அதில் “டார்ட்” என்று ஒரு சொல். “அடர்த்தி” என்று பொருள் போட்டிருந்தது.

அப்படி ஒரு சொல் உலகத்திலேயே கிடையாது!

நடந்தது என்ன? அடர்த்தியைக் குறிக்கப் பெரிய “டி” அல்லது சின்ன “டி” எழுதலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்திருந்தார்கள். “டி ஆர் டி” என்று இருந்ததை, யாரோ சேர்த்துப் படித்துவிட்டார். “டார்ட்” பிறந்துவிட்டது! 1939-ல்தான் குட்டு வெளிப்பட்டது. 1947-ல் நீக்கினார்கள்.

இதற்கு எதிர்மாறான கதையும் உண்டு. காலின்சின் 24 சொற்களில் ஒன்று “நிடரிங்”. கோழை என்று பொருள். இதுவும் தவறுதலாகப் பிறந்ததுதான். பழைய ஏட்டில் “நிதிங்” என்று இருந்தது. 1596-ல் அச்சுக்கு வந்தபோது, அதைத் தப்பாகப் படித்துவிட்டார்கள். ஆனால், பிறகு வந்த நாவல் ஆசிரியர் வால்டர் ஸ்காட் அதை எடுத்து ஆண்டார். மற்றவர்களும் எழுதினார்கள். பிழை, சொல் ஆகிவிட்டது!

இரண்டும் பிழைதான். ஒன்று ஏன் வாழ்ந்தது? மற்றது ஏன் செத்தது?

“நிடரிங்” என்பதைப் பொருளோடு மனிதர்கள் பயன்படுத்தினார்கள். “டார்ட்” என்பதை எவரும் பயன்படுத்தவில்லை. சொல்லுக்கு உயிர் கொடுப்பது அகராதி அல்ல. மனிதனின் நாக்கு!

மொழி தெரியாத சாம்பியன்

இப்போது நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

நியூசிலாந்தில் பிறந்தவர் நைஜல் ரிச்சர்ட்ஸ். இங்கிலீஷ் ஸ்கிராபிளில் பல தடவை உலக சாம்பியன். 2015-ல் அவர் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் போட்டிக்குப் போனார். அதிலும் உலக சாம்பியன் ஆனார்!

இதில் ஆச்சரியம் என்ன? அவருக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது! பிரெஞ்சு ஆட்ட அகராதியை 9 வாரம் படித்தார். சொற்களின் எழுத்து வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தார். ஜெயித்துவிட்டார். 2024-ல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அப்படியே ஜெயித்தார்.

எவ்வளவு பெரிய நினைவாற்றல்! அதற்குத் தலை வணங்குகிறோம். அவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. போட்டியின் விதி, “சொல் சரியா?” என்று மட்டுமே கேட்கிறது. “பொருள் என்ன?” என்று கேட்பது இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டு இருக்கும்போது கேட்கவும் முடியாது.

“எங்களுக்குச் சொல் என்பது ஒரு காய். சதுரங்கத்தில் குதிரை இருக்கிறது. அது புல் தின்னுமா என்று யாராவது கேட்கிறார்களா?” இப்படிப் போட்டிக்காரர்கள் வாதாடுவார்கள்.

வாதம் சரிதான். ஆனால், முழுவதும் சரி அல்ல.

2021-ல் ஒன்று நடந்தது. மனிதர்களை இனம், நிறம் முதலியவற்றைக் கொண்டு இழிவு செய்யும் சொற்கள் பட்டியலில் இருந்தன. சுமார் 400 சொற்களை ஆட்டத்தின் உரிமையாளர்கள் நீக்கினார்கள். “ஆட்டத்தில் சொல்லுக்குப் பொருள் கிடையாதே! ஏன் நீக்குகிறீர்கள்?” என்று சில ஆட்டக்காரர்கள் சண்டைக்குப் போனார்கள்.

பொருள் இல்லை என்றால், யாருக்கும் வலித்திருக்காது. வலித்தது. ஆகவே பொருள் இருக்கிறது! சில்லில் எழுதினாலும், சொல் சொல்தான். வெறும் காய் ஆகிவிடாது.

குழந்தைகள் இழந்த சொற்கள்

“யாரோ சில கிழட்டுச் சொற்கள் செத்தால், நமக்கு என்ன?” என்று சிலர் நினைக்கலாம்.

இதைக் கேளுங்கள். 2007-ல் இங்கிலாந்தில் “ஆக்ஸ்போர்டு” சிறுவர் அகராதியின் புதிய பதிப்பு வந்தது. அதில் “மீன்கொத்தி”, “ஓக் மரத்துக் கொட்டை” போன்ற இயற்கைச் சொற்கள் சில இல்லை. இணையத்தைச் சேர்ந்த புதுச் சொற்கள் வந்திருந்தன. பிள்ளைகள் இப்போது எதைப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்று பார்த்துத்தான் சேர்த்தோம், நீக்கினோம் என்பது அகராதிக்காரர்களின் கணக்கு.

கணக்கு சரி. ஆனால், மீன்கொத்தி என்ற பெயர் தெரியாத பிள்ளை, குளக்கரையில் மீன்கொத்தியைப் பார்த்தால் என்ன சொல்லும்? “ஏதோ ஒரு பறவை” என்று சொல்லும். பெயர் தெரியாததைத் தேடத் தோன்றாது. அது மறைந்தாலும், மறைந்தது தெரியாது.

எழுத்தாளர்கள் பலர் வருந்தினார்கள். 2017-ல் ராபர்ட் மக்ஃபர்லேன் என்ற எழுத்தாளரும், ஜாக்கி மாரிஸ் என்ற ஓவியரும் சேர்ந்து, இத்தகைய சொற்களுக்கு என்றே ஒரு படப் புத்தகம் செய்தார்கள். “தொலைந்த சொற்கள்” என்பது அதன் பெயர். மக்கள் பணம் திரட்டி, அதைப் பள்ளிக்கூடங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

சொல் போனால், பொருளைப் பார்க்கும் கண்ணும் போய்விடுகிறது. அதனால்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

நாம் சொல்லும் யோசனை

சொல்லாட்டம் நல்லது. அதை ஆடுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் ஆடலாம். எழுத்து மனதில் பதிய அதைவிட நல்ல வழி இல்லை.

செத்த சொற்களையும், சாகப்போகும் சொற்களையும் இந்த ஆட்டம் காப்பாற்றுகிறது. ஆனால், அவற்றின் உடம்பைத்தான் காப்பாற்றுகிறது. உயிரை அல்ல. பொருள்தான் உயிர். பொருள் தெரியாத சொல், நெல் இல்லாத பதர்.

ஆகவே, வீட்டில் ஆடுகிறவர்கள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

அபூர்வமான சொல்லை வைப்பவர், அதன் பொருளையும் சொல்ல வேண்டும். சொன்னால், 5 மதிப்பெண் கூடுதல்.

சொல்லத் தெரியாவிட்டால், தண்டனை வேண்டாம். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அகராதியைத் திறவுங்கள். எல்லோரும் சேர்ந்து பாருங்கள். வீட்டிலே சிறியவர் யாரோ, அவர் உரக்கப் படிக்கட்டும்.

பலகையை எடுத்து வைப்பதற்கு முன்பு, அன்று கற்ற ஒரு சொல்லை ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்தில் அமைத்துச் சொல்லட்டும். “நம் வீட்டுப் பூனை ஃபப்ஸியாக இருக்கிறது” என்று குழந்தை சொன்னால் போதும். தூக்கு மேடையில் நின்ற சொல் ஒன்று, உங்கள் வீட்டுத் திண்ணையில் இறங்கி நடக்கும்.

இதற்குப் பணச் செலவு இல்லை. பட்டம் வேண்டாம். ஒரு நிமிடம்தான் வேண்டும்.

அடுத்த தடவை ஆடும்போது, சன்னல் ஓரமாக ஒரு புறாக் கூட்டம் எழுந்து பறக்கலாம். சிறகுகள் சடசடக்கும். எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த ஓசைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. யாரும் கூப்பிடாததால், சாக இருந்த பெயர்.

அது என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்!